கேட்டவர் பெயர்

மூன்றாம் நாள் காலையும் உப்பளக் கந்தோர் வாசலில் இருந்த மெஷின் காகிதத் துண்டைத் துப்பியது. மேலே பெரிய எழுத்தில், அனுமதியில்லை. கந்தோர் அதிகாரி ஸஜீத் சேர் அந்த ஒரு சொல்லைப் பார்த்தார், கசக்கி எறிந்தார், கொழும்புக்குப் போன் எடுத்தார். மூன்று நாளாக அவருடைய உத்தியோகம் இதுதான்.

எந்தப் பாத்தியில் உப்பு வாருவது என்று கொழும்பிலுள்ள பெரிய கம்பியூட்டர் தினமும் தானாக உத்தரவு அனுப்பும். துண்டில்லாத உப்பைத் தராசில் ஏற்றமாட்டார்கள். போன வருடம் அப்படி வாரிய ஒரு கூட்டத்தை வேலையிலிருந்தே நிற்பாட்டினார்கள். ஆறாம் பாத்தியில் நாற்பது நாள் வெயில் உப்பாக விளைந்து கிடந்தது. கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. நாங்கள் இருபது பேர் வாரு பலகையை ஊன்றிக்கொண்டு நின்றோம்.

"அல்லாஹ் மழைக்கு அனுமதி குடுத்துட்டான்," என்றாள் என்னோடு வேலை செய்யும் ஸுலைஹா. "கொழும்புதான் இன்னும் யோசிக்கிது."

பாஸ்வேர்டை மாற்றினார்கள். மெஷினை அணைத்துப் போட்டார்கள். வயரைக்கூடக் கழற்றித் துடைத்தார்கள்.

நான் எழுத்துப் படித்தது நாற்பத்தாறு வயதில், அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் நடந்த வகுப்பில். அன்றிலிருந்து கடையில் பாண் சுற்றித் தந்த காகிதத்தையும் கடைசி வரி வரை வாசிக்காமல் எறிந்ததில்லை. பெரிய படிப்புக்காரருக்கு அந்தப் பசி இல்லை. முதல் சொல்லோடு வயிறு நிறைந்துவிடுகிறது. கசங்கிய துண்டை எடுத்து நீவினேன். அடியில் எறும்பு எழுத்தில்: கேட்டவர், நிக்கொலஸ்.

நிக்கொலஸ் எங்கள் பழைய கிளாக்கர். விடிய எழும்பி உத்தரவு கேட்கச் சோம்பல்பட்டு, தன் பெயரில் தினமும் தானே கேட்கும்படி மெஷினைப் பழக்கியவர். போன வெள்ளி பென்ஷனில் போனார். கேக் வெட்டி அனுப்பிவிட்டு, அன்றே கம்பியூட்டரிலிருந்து பெயரையும் அழித்துவிட்டார்கள்.

"சேர், போனவர்ர பேர்லதான் இன்னும் கேக்குது. எப்பிடிக் குடுக்கும்?"

"ஹுனைஸ் நானா, இது கம்பியூட்டர் விஷயம்," என்றவர், துண்டை வாங்கிப் பார்த்தார். காது சிவந்தது.

"இனி ஒங்கட பேரப் போடுங்களேன் சேர்."

"என்ட பேரயா? நாளைக்கு ஒரு பிழை வந்தா ஆரு பதில் சொல்ற?"

கொழும்பிலிருந்தவரும் தன் பெயர் வேண்டாம் என்றார். மனேஜர் போனையே எடுக்கவில்லை. இத்தனை கதிரைகள், உட்காரத்தான் ஆள் உண்டு.

சேர் என்னைப் பார்த்தார். "ஹுனைஸ் நானா, ஒங்கட வரவு பதியிற நம்பரும் மெஷின்ல ஈக்கிதானே? அந்தப் பேர்ல கேக்க அனுமதி போடச் சொல்லவா? சும்மா பேருக்குத்தான்."

பிழை வந்தால் யாரை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மேகத்தைப் பார்த்தேன்.

"போடுங்க."

மெஷின் கறகறத்தது. சேர் 'அனுமதி' என்ற முதல் சொல்லைப் பார்த்துவிட்டு, தானே பிழையைப் பிடித்ததுபோல் கொழும்புக்குச் சொல்லத் தொடங்கினார். நான் அடிவரிக்குப் போனேன். கேட்டவர், ஹுனைஸ். என் பெயரை அச்செழுத்தில் கண்டது அதுதான் முதல் தடவை. வாசித்து முடிக்குமுன் அதன்மேல் ஒரு மழைத்துளி விழுந்தது. நிமிர்ந்தேன். ஸுலைஹா பாத்திக்குள் இறங்கி முதல் குவியலை இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் கணுக்காலைச் சுற்றி, நீர்மேல் சின்னச் சின்னக் குழிகள்.