செவலையின் வியர்வை

வறண்ட கிணற்றைத் தாண்டும்போது கோன்சிக் கண்ணை மூடிக்கொண்டான். பந்தயத்தில் குதிரை மேல் இருக்கிறவன் கண்ணை மூடலாமா என்றால் கூடாதுதான். ஆனால் அந்தக் கிணற்றைப் பார்க்க அவனுக்குத் தெம்பு இல்லை. போன வருடத்திலிருந்தே இல்லை. கீழே செவலை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் முடிந்துவிட்டது, இன்னும் எட்டுதான்.

முன்னால் ஒருவரும் இல்லை. பின்னால் வெகு தூரத்தில் ஒரு தூசிப் பொட்டு தெரிந்தது. கெந்தி மாகாணத்துக்காரன், நல்ல ஓட்டி. புல் முழங்கால் உயரத்துக்கு மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில், ஆகஸ்ட் கடைசியில் இப்படிக் காய்ந்து யாரும் பார்த்ததில்லை.

போன வருடம் இதே தடத்தில்தான் மாவட்டப் பந்தயம் நடந்தது. அன்றைக்கு அவன் ஓட்டியது சாம்பல் குதிரை, இந்தச் செவலையின் அண்ணன். முதலாவதாக வந்தது. முடிவுக் கோட்டைத் தாண்டி இருநூறு அடி போய், முன்னங்கால் மடிந்து விழுந்து, அங்கேயே செத்தது. வியர்வையைத் தொட ஓடிவந்த கூட்டம் பாதி வழியில் நின்றுவிட்டது. முதலில் வந்த குதிரையின் வியர்வையை ஈரத்தோடு தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டால் வருடம் முழுக்க நல்லது நடக்கும். செத்த குதிரையின் வியர்வையை எவன் தொடுவான்? அப்போது இரண்டாவதாக வந்த லோதோய், சேணத்திலிருந்து இறங்காமலே சொன்னான்.

"ஊசி போட்டிருக்கான்யா."

லோதோய் வேறு யாரோ அல்ல, கோன்சிக்கின் மனைவி செவெல்மாவுக்குக் கூடப் பிறந்த அண்ணன். அவனே சொன்ன பிறகு ஊர் சும்மா இருக்குமா? மறுநாளிலிருந்து கோன்சிக்கின் கூடார வாசலில் யாருடைய குதிரையும் வந்து நிற்கவில்லை. மாவட்ட மையத்தில் பெரியவர் சம்பூவைப் பார்த்து, வணக்கம் சொல்கிற முறையில் மூக்குப்பொடிப் புட்டியை நீட்டினால், அந்த மனிதர் வாங்குவார், மூடியைக்கூடத் திறக்காமல் திருப்பிக் கொடுப்பார். அதற்குக் கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாம். ஆட்டு மயிர் கத்தரிக்கிற நாளில் ஊரெல்லாம் சேர்ந்து வேலை செய்யும். அவனும் செவெல்மாவும் மட்டும் ஐந்நூறு ஆட்டைத் தனியாகப் பிடித்துக் கத்தரித்தார்கள். பதினொரு நாள் ஆனது, கை இரண்டும் வீங்கிப்போனது.

செவெல்மா லேசுப்பட்டவள் இல்லை. "என் புருஷன் ஊசியைக் கையால தொட்டதில்ல. சொன்னவன் நாக்கு அழுகட்டும்" என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொன்னாள். அதோடு பேச்சு நின்றது. வெள்ளை மாதப் புத்தாண்டுக்குக்கூட அண்ணன் கூடாரத்துப் பக்கம் போகவில்லை. அண்ணனைத் தவிர வேறு உறவு இல்லாதவள் அவள்.

ஊசி போடவில்லை என்பது சத்தியம். ஆனால் சாம்பல் ஏன் செத்தது என்பது கோன்சிக்குக்குத் தெரியும். இந்த வறண்ட கிணற்றுக்குப் பக்கத்தில்தான் அதன் பின்னங்கால் இழுத்தது. விலா இரண்டும் மூச்சோடு சேராமல் தனியாகத் துடிக்க ஆரம்பித்தன. குதிரையோடு பிறந்து வளர்ந்தவனுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. இறங்கியிருக்க வேண்டும். பின்னால் லோதோயின் தூசி தெரிந்தது. அவன் இறங்கவில்லை, சாட்டையை எடுத்தான். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, செவெல்மாவிடமும் சொல்லவில்லை.

இந்தப் பந்தயத்தில் பேர் கொடுத்ததற்குக் காரணமே கெட்ட பேரைக் கழுவத்தான். இங்கே ஓட்டம் மட்டும் போதாது. நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு தடவை தலைநகரத்திலிருந்து வந்த மருத்துவர்கள் குதிரையை நிறுத்திப் பார்க்கிறார்கள். நாடி பார்க்கிறார்கள், நடக்கவிட்டுப் பார்க்கிறார்கள், ரத்தம் எடுக்கிறார்கள். கடைசிக் கோட்டைத் தாண்டினால் முப்பது நிமிடம் தருவார்கள். அதற்குள் குதிரையின் நாடி அறுபத்து நாலுக்குக் கீழே இறங்க வேண்டும். ஒரே ஒரு தடவைதான் காட்டலாம். இறங்காவிட்டால் முதலில் வந்ததும் வராததும் ஒன்றுதான். அந்த மருத்துவர்கள் வாயால் 'இது நல்ல குதிரை' என்று ஊர் முன்னால் ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும், லோதோயின் வாய் அடைபடும். கோன்சிக்குக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கடைசி மேட்டில் ஏறியதும் கூடாரங்களும் ஜீப்புகளும் கொடிகளும் தெரிந்தன. அவன் சாட்டையை இடுப்பிலிருந்து எடுக்கவே இல்லை. செவலை தானாகவே கழுத்தை நீட்டியது. கெந்திக்காரனை விட ஏழு நிமிடம் முன்னதாகக் கோட்டைத் தாண்டியது.

செவெல்மா வாளிகளை வரிசையாக நிறைத்து வைத்துக் காத்திருந்தாள். சேணத்தை அவிழ்த்துக் கீழே போட்டாள், நாடிக்குழாயைக் காதில் மாட்டி, குதிரையின் இடது முன்னங்காலுக்குப் பின்னால் வைத்து எண்ணினாள். ஒரு மாதமாக மண்டியிட்டுப் பழகிய வேலை.

"நூத்தி முப்பத்திரெண்டு."

"இறங்கிரும். தண்ணிய ஊத்து."

முதல் வாளியைத் தூக்கினாள். அதற்குள் பின்னாலிருந்து ஒரு சத்தம்.

"ஏம்மா, நில்லு நில்லு. கழுவித் தொலைச்சிராத."

சம்பூதான். அங்கியை வாரிச் சுருட்டிக்கொண்டு, எழுபது வயதில் அப்படி ஓர் ஓட்டம். அவருக்குப் பின்னால் மாவட்டமே வந்துகொண்டிருந்தது. வெளி மாகாணத்துக்காரனை நம் குதிரை ஜெயித்துவிட்டது. தண்ணீர் பட்டால் வியர்வை போய்விடும். அதற்குள் தொட்டுவிட வேண்டும். கட்டியிருந்த கயிற்றுக்குக் கீழே குனிந்து வந்தார்கள், மேலே தாண்டி வந்தார்கள். பந்தயம் நடத்துகிறவர்கள் வைத்திருந்த காவல் பையன்கள் இரண்டு பேரும் கயிற்றை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

சம்பூ இரண்டு உள்ளங்கையையும் செவலையின் கழுத்தில் வைத்துத் தேய்த்து நெற்றியில் பூசிக்கொண்டார். பூசிக்கொண்டே கோன்சிக்கைப் பார்த்தார்.

"ஒரு வருசமா உன் பொடிய மோந்து பார்க்காம விட்டதுல எனக்குத்தான்டா நஷ்டம். மனசுல வச்சுக்காத."

பத்துக் கை, இருபது கை. போன வருடத்திலிருந்து அவன் முகத்தைப் பார்க்காத ஆட்களெல்லாம் தோளில் தட்டினார்கள். இதற்காகத்தானே இத்தனை பாடு? மருத்துவர் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தது, அவர் வாயைத் திறக்கும் முன்னாலேயே வந்துவிட்டது. அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே நின்றதில் நிமிடங்கள் போனது தெரியவில்லை.

"யோவ்." செவெல்மாவின் குரல் கூட்டத்துக்கு நடுவே குதிரையின் வயிற்றுக்குக் கீழேயிருந்து வந்தது. "எழுபத்தெட்டுக்கு இறங்குச்சு, திரும்ப எம்பத்தாறுக்கு ஏறிருச்சு. கை படப்பட மிரளுது. இவங்களைக் கிளப்பு."

"பெரியவங்களே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நாடி இறங்கட்டும், அப்புறம் தொடலாம்."

"அப்புறம் தொட்டு என்னத்துக்கு? காஞ்சு போயிரும்டா" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தி தன் சால்வையையே செவலையின் முதுகில் ஒற்றி எடுத்தாள், வீட்டில் சீக்காகக் கிடக்கிற மகனுக்காம். அவளை எப்படி விரட்டுவது?

அப்போது கூட்டம் விலகி வழிவிட்டது. லோதோய் வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"மாப்ளே," என்றான். அவ்வளவு பேர் கேட்க, சத்தமாகவே சொன்னான். "நான் பேசினது தப்பு. ரெண்டு தடவை டாக்டருங்க பார்த்துட்டாங்க, நானும் கூடவே நின்னு பார்த்தேன். இப்படி ஓட்டுறவனுக்கு ஊசி எதுக்கு? தோத்த வயித்தெரிச்சல்ல சொல்லிட்டேன். தங்கச்சி, நீயும் கேட்டுக்க." அவன் கண் கலங்கியிருந்தது. குதிரையைத் தொடக் கையை நீட்டினான்.

செவெல்மா குதிரைக்கு அடியிலிருந்து நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் அவள் முகம் பத்து வயது குறைந்தது.

மருத்துவர் நர்மந்தாக், கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். குள்ளமான பெண், கோபக்காரி.

"யார் குதிரைக்காரர்? இந்த விலாவைப் பார்த்தீங்களா?"

கோன்சிக் பார்த்தான். செவலையின் விலா துடித்துக்கொண்டிருந்தது. மூச்சு ஒரு கணக்கில் போனது, விலா வேறு கணக்கில் துடித்தது. பின்னங்கால் ஒன்று லேசாக நடுங்கியது.

"பந்தயம் கிடக்கட்டும்," என்றாள் நர்மந்தாக். "உடனே சூடு தணியணும், அமைதியா நிக்கணும். இல்லேன்னா குதிரை தங்காது. எனக்கு இதுக்கு மேல சொல்லத் தெரியல."

"தள்ளுங்க, எல்லாரும் தள்ளுங்க" என்று கோன்சிக் கத்தினான். முன்வரிசை ஓர் அடி பின்னால் போனது, பின்வரிசை இரண்டு அடி முன்னால் தள்ளியது. பின்னால் நிற்பவனுக்கு முன்னால் நடப்பது என்ன தெரியும்? "எங்களுக்கும் விடுங்கப்பா" என்றுதான் குரல் வந்தது. செவெல்மா வாளியைத் தூக்கினாள், நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். செவலை கண்ணை உருட்டியது. ஜெயித்த குதிரையிடமிருந்து இந்த ஜனங்களை விலக்க எந்தக் கயிறாலும் முடியாது, போலீஸ் வந்தாலும் முடியாது. அதை அவனைப்போல அறிந்தவன் யார்? அவனே எத்தனை குதிரைகளை அப்படி மொய்த்திருக்கிறான்.

இவர்கள் விலகி நின்ற ஒரே ஒரு குதிரையைத்தான் அவன் பார்த்திருக்கிறான்.

அவன் கீழே கவிழ்ந்து கிடந்த ஒரு வாளியின் மேல் ஏறி நின்றான்.

"தொடாதீங்க," என்றான். "போன வருசம் நான் ஊசி போடலை. அது நெசம். ஆனா சாம்பலை நான்தான் கொன்னேன்."

சிரிப்புச் சத்தம் கொஞ்சம் குறைந்தது.

"வறண்ட கிணத்துக்கிட்டயே அதுக்கு விலா துடிக்க ஆரம்பிச்சிருச்சு. இதோ, இந்த மாதிரியேதான். பின்னங்கால் இழுத்துச்சு. சாகப்போகுதுன்னு எனக்குத் தெரியும். இறங்கியிருந்தா பிழைச்சிருக்கும். பின்னாடி லோதோய் மச்சான் வர்ற தூசி தெரிஞ்சுது. எட்டு கிலோமீட்டரும் அடிச்சேன். கழுத்துல அடிச்சேன், காதுக்குப் பின்னாடி அடிச்சேன். அடிச்சே கொண்டாந்து உங்க முன்னாடி போட்டேன். ஒரு வருசமா வாயைத் திறக்கலை. இப்பத் தொடுங்க. என் கையால வர்ற அதிர்ஷ்டம் யாருக்கு வேணும்?"

ஒரு குதிரைக்கு ஊசி போட்டவனைக்கூட அந்தச் சமவெளி ஒருநாள் மன்னித்துவிடும். யாரோ கொடுத்தான், இவன் ஏமாந்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். தெரிந்தே அடித்துக் கொன்றவனுக்கு அப்படிச் சொல்ல ஒன்றுமில்லை. லோதோயின் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது, பிறகு மெல்லப் பின்னால் போனது. சம்பூ அங்கியின் கைநுனியால் நெற்றியைத் துடைத்தார். ஒரு தடவை துடைத்தவர், இன்னும் ஒரு தடவை அழுத்தித் துடைத்தார். யாரும் திட்டவில்லை. முன்வரிசை திரும்பி நடந்தது, அதைப் பார்த்துப் பின்வரிசையும் நடந்தது. சால்வைக்காரி சால்வையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் சற்று நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

குதிரையைச் சுற்றி இடம் காலியானது. காற்று வந்தது.

செவெல்மா வாளியைத் தூக்கிக் கழுத்தில் ஊற்றினாள், அடுத்ததைத் தொடையில் ஊற்றினாள். மரச்சீவியால் தண்ணீரை வழித்தாள். கோன்சிக் செவலையின் தலையைத் தன் மார்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டான். அவள் மண்டியிட்டு எண்ணினாள். அவன் முகத்தை மட்டும் அவள் பார்க்கவில்லை.

"எழுபத்தாறு."

தண்ணீர்.

"எழுபது."

"எத்தனை நிமிசம் இருக்கு?" என்றான். அவள் அடுத்த வாளியைத் தூக்கினாள்.

"அறுபத்தாறு," என்றாள் கொஞ்சம் கழித்து.

விலாத் துடிப்பு மெல்ல மெல்ல மூச்சோடு சேர்ந்துகொண்டது. செவலை ஒரு பெருமூச்சு விட்டுக் காதைத் தொங்கவிட்டது. இருபத்தொன்பதாவது நிமிடத்தில் நர்மந்தாக் தன் குழாயை வைத்தாள். ஒரு நிமிடம் முழுக்கக் கேட்டாள். கோன்சிக்குக்கு அந்த நிமிடம் முடிகிற மாதிரியே இல்லை.

"அறுபத்தொண்ணு. நல்ல குதிரை. தேறிடுச்சு."

அவன் ஒரு வருடமாகக் கேட்கக் காத்திருந்த வார்த்தை அதுதான். கேட்பதற்கு அங்கே செவெல்மாவைத் தவிர யாரும் இல்லை.

அவள் நாடிக்குழாயைக் கழுத்திலிருந்து கழற்றிச் சுருட்டி வாளிக்குள் போட்டாள். குதிரைக் கயிற்றை அவன் கையில் கொடுத்தாள்.

"சாம்பல் செத்த அன்னிக்கு என் மடியில தலைய வச்சு அழுத," என்றாள். "அன்னிக்குச் சொல்லியிருந்தா நானும் உன்கூட அழுதிருப்பேன். ஊரோட சண்டை போடவிட்டு வேடிக்கை பார்த்தியேய்யா."

"செவெல்மா..."

"நடத்திக்கிட்டே இரு. நின்னா கால் பிடிச்சுக்கும்."

திரும்பிப் பார்க்காமல் போனாள். லோதோயின் ஜீப் கிளம்பத் தயாராக இருந்தது. அவள் அதன் முன்னால் போய் நின்றாள். என்ன சொன்னாளோ, தூரத்தில் கேட்கவில்லை. லோதோய் இறங்கி வந்து, தன் இருக்கைக்குப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான்.

ஒலிபெருக்கியில் முதலிடம் என்று கோன்சிக்கின் பேரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்கள். அவன் செவலையை நடத்திக்கொண்டிருந்தான்.