நூறு சதவீதத்துக்கு மேலே

கல்லூரியின் வேலைவாய்ப்பு மையத்துக்கு இரண்டு கதவுகள். கண்ணாடிக் கதவு விருந்தினர்களுக்கு, மரக்கதவு மாணவர்களுக்கு. கண்ணாடியைத் தினமும் இரண்டு வேளை துடைத்தார்கள். மரக்கதவின் தாழ்ப்பாள் கழன்று மூன்று வருடமாகிறது. எந்தக் கதவில் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது ஆளுயரப் பலகைதான்: ‘நூறு சதவீத வேலைவாய்ப்பு, தொடர்ந்து ஆறாவது ஆண்டு.’ எழுத்துகளுக்குப் பக்கத்தில் மைய இயக்குநர் கைகளைக் கட்டிக்கொண்டு தூரத்து எதிர்காலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நேரில் அவரைப் பிடிப்பது குதிரைக்கொம்பு என்பதால், படத்திடமே குறையைச் சொல்லிவிட்டுப் போன மாணவர்களும் உண்டு.

இந்த வருடம் அந்த நூறுக்கு ஆபத்து வந்தது. கடைசி வருடத்தில் மொத்தம் நூற்று நாற்பது பேர். நூற்று முப்பத்து மூன்று பேருக்கு எங்கெங்கோ வேலை கிடைத்துவிட்டது. ஏழு பேர் பாக்கி. வெள்ளிக்கிழமை மதிப்பீட்டுக் குழு வருகிறது. வேறொருவராக இருந்தால் அந்த ஏழு பேருக்கும் வேலை தேடியிருப்பார். இயக்குநர் அப்படிச் சாதாரணமாக யோசிக்கிறவர் அல்ல. ஏழு பேரையும் தன் மையத்திலேயே மூன்று மாதப் பயிற்சி ஊழியர்களாக நியமித்துவிட்டார். கணக்கு நேராகிவிட்டது.

நியமன ஆணை வழவழப்பான தாளில் வந்தது. ஊதியம் என்ற இடத்தில் ‘அனுபவம்’ என்று அச்சிட்டிருந்தது.

அந்த ஏழு பேரில் ஒருத்தியை வகுப்பே ‘பதினொண்ணு’ என்று கூப்பிட்டது. பதினொரு நிறுவனங்களின் நேர்காணலில் தோற்றவள். இயந்திரவியல் படிப்பில் குறை இல்லை. குறை சிரிப்பில் இருந்தது. மையம் எல்லோருக்கும் ஒரே சுய அறிமுகத்தை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்திருந்தது. ‘தலைமைப் பண்பும் குழு உணர்வும் ஒருங்கே அமையப்பெற்றவள் நான்’ என்று மூன்றாவது வரி. அவளுக்கு முன்னால் உள்ளே போன நாற்பது பேரும் தலைவர்கள். நாற்பது பேருக்கும் குழு உணர்வு. அந்த வரி வந்ததும் அவளுக்குச் சிரிப்புப் பீறிட்டுவிடும். பதினொரு இடத்திலும் அங்கேதான் கவிழ்ந்தாள்.

ஆணையை அவள் அம்மாவிடம் காட்டினாள். அம்மா சலவை நிலையத்தில் மருத்துவமனைப் போர்வைகளுக்கு இஸ்திரி போடுகிறவள். வலது மணிக்கட்டில் வலிக்காக எப்போதும் பட்டை சுற்றியிருக்கும்.

“காலேஜ்லயே வேலையா? அப்புறம் என்னத்துக்குடி பாஸ் பண்ணினே?”

“மூணு மாசம்தான்மா.”

“அதுக்கப்புறம்?”

மையத்தில் ஒரு விதி இருந்தது: ஒரு மாணவருக்கு ஒரு வேலை. வேலை கிடைத்தவராகப் பதிவாகிவிட்டால் அடுத்த நிறுவனத்தின் வாசலை மிதிக்க முடியாது. மூன்று மாதம் முடிவதற்குள் ஆள் எடுக்கும் பருவமே முடிந்துவிடும். அப்புறம் அடுத்த வருடத்துப் பிள்ளைகள் புதுச் சட்டையோடு வரிசையில் நிற்பார்கள். இவள் கையில் அனுபவம் மட்டும் இருக்கும், அதுவும் தாள் மடித்த அனுபவம்.

திங்கட்கிழமை அந்த அனுபவம் தொடங்கியது. ஆறு பேர் வெளியறையில் ‘நூறு சதவீதம்’ என்ற துண்டறிக்கையை மூன்றாக மடித்தார்கள். பதினொண்ணுக்கு மட்டும் இயக்குநரின் அறையில் வேலை. பத்திரிகைகளில் வந்த அவருடைய படங்களைக் கத்தரித்து, தேதி போட்டு, ஆல்பத்தில் ஒட்ட வேண்டும். சில படங்களில் அவர் இல்லை, அவருடைய தோள்பட்டை மட்டும் இருந்தது. அதையும் ஒட்டச் சொல்லியிருந்தார்.

மேஜையில் ஒரு தொலைபேசி இருந்தது. அது ஒலித்துக்கொண்டே இருந்தது.

“அக்கா, போன் அடிக்குது.”

“அடிக்கட்டும்,” என்றாள் வாசலில் உட்கார்ந்திருந்த அலுவலக உதவியாளர். கோப்புகளில் நூல் கோத்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. “அதை சார் மட்டும்தான் எடுக்கணும்.”

“சார் எப்ப வருவாரு?”

“அவருக்கு இன்னிக்குப் பாராட்டு விழா. நாளைக்கு வேற ஒருத்தருக்குப் பாராட்டு விழா, இவர்தான் பாராட்டுறாரு. கை ஓயாத வேலை.”

“அப்ப போன்ல கூப்பிடறது யாரு?”

“யாராயிருந்தா என்ன? ஆர்வம் இருக்கறவங்க திரும்பக் கூப்பிடுவாங்க.”

ஒட்டிக்கொண்டே யோசித்தபோதுதான் அவளுக்கு விஷயம் சுரீரென்று உறைத்தது. மாணவர்களின் தன்விவரக் குறிப்பில் அவரவர் எண்ணைப் போடக் கூடாது. நிறுவனங்கள் மையத்தோடு மட்டுமே பேசுவதுதான் கண்ணியம் என்பது இயக்குநரின் கொள்கை. நூற்று நாற்பது பேரின் தாளிலும் இருந்தது இந்த ஒரே எண். இந்த மேஜையில், இந்த ஆல்பத்துக்குப் பக்கத்தில், யாரும் தொடாமல் கதறிக்கொண்டிருக்கிற இதே கருவி.

செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்குள் அது ஐந்து முறை ஒலித்தது. ஆறாவது முறை அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“ஏய், எடுக்காதே! என் தலைதான் உருளும்!” என்றாள் உதவியாளர்.

“நீங்க கேன்டீனுக்குப் போயிருந்தீங்கக்கா.”

“எப்ப?”

“இப்ப.”

உதவியாளர் ஒரு நொடி அவளைப் பார்த்தாள். பிறகு கோப்பை மூடிவிட்டு நிஜமாகவே கேன்டீனுக்கு நடந்தாள்.

“அப்பாடா! மனுஷங்க இருக்கீங்களா அங்க?” என்றது மறுமுனை. கரகரத்த பெண் குரல். “மூணு வாரமா அடிக்கிறேன். நான் லிப்ட் பராமரிப்புக் கம்பெனில மேற்பார்வையாளர். எனக்கு அவசர உதவி மேஜைக்கு ஒரு ஆள் வேணும். இயந்திரவியல் படிச்ச யாரையாவது அனுப்ப முடியுமா?”

“முடியாதுங்க மேடம். இங்க எல்லாருக்கும் வேலை கிடைச்சிருச்சு.”

“எல்லாருக்குமா? பரவாயில்லையே. உனக்கு?”

“எனக்கும்தான்.”

“எங்க?”

“இங்கதான். இந்தப் போனை எடுக்காம பாத்துக்கிற வேலை.”

மறுமுனை வாய்விட்டுச் சிரித்தது. சிரிப்பு பாதியில் நின்றது. “இரும்மா, இன்னொரு லைன்ல யாரோ மாட்டிக்கிட்டு இருக்காங்க,” என்று சொல்லி மேற்பார்வையாளர் ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டார் போலிருக்கிறது. அவர் பேசுவது தூரத்தில் கேட்டது. எந்த மாடி? எத்தனை பேர்? விளக்கு எரியுதா? கதவை நீங்களா நெம்பாதீங்க. உக்காந்துக்குங்க. மெக்கானிக் கிளம்பியாச்சு, நான் லைன்லயே இருக்கேன்.

பதினொண்ணு காதை எடுக்கவில்லை. ஆல்பத்தின் பசை காய்ந்தது. எட்டு நிமிடம் கழித்து மேற்பார்வையாளர் திரும்பி வந்தார்.

“யாரது? நீ இன்னும் வைக்கலையா?”

“அவங்க வெளிய வந்துட்டாங்களா மேடம்?”

“வந்துட்டாங்க. பாதி மயக்கம், ஆனா வந்துட்டாங்க.” பிறகு குரல் மாறியது. “வியாழக்கிழமை பத்து மணிக்கு நீயே வா. உங்க மையத்துலேருந்து ஆட்சேபம் இல்லைன்னு ஒரு கடிதம் மட்டும் கொண்டு வந்துரு. அது இல்லாம எங்க நிர்வாகம் ஒத்துக்காது.”

அந்தக் கடிதத்துக்காக அவள் புதன்கிழமை மாலை நாலு மணிவரை காத்திருந்தாள். இயக்குநர் கழுத்தில் ஒரு சால்வையும் கையில் இன்னொரு சால்வையுமாக வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

“போனை எடுத்தியா? யாரைக் கேட்டு எடுத்தே?”

“தவறுதலா கை பட்டுருச்சு சார்.”

“சரி, அது போகட்டும். உன்னை எப்படிம்மா விட முடியும்? நீ வேலை கிடைச்சவ. ஒரு மாணவருக்கு ஒரு வேலை. அது இந்த மையத்தோட முதுகெலும்பு. நீ போனா நூறு என்ன ஆகும்? வெள்ளிக்கிழமை குழு முன்னால நான் தொண்ணூத்தொம்பதேகாலோட நிக்கணுமா?”

“தொண்ணூத்தொம்பது புள்ளி இருபத்தொம்பது சார்.”

“பாத்தியா, கேக்கவே நாராசமா இருக்கு.”

அழுதால் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொல்வார். அவளுக்கு அம்மாவின் மணிக்கட்டு ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை பத்து மணி ஞாபகம் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“சார், நான் போனா குறையும்னு யார் சொன்னது? என்னை இங்கேருந்து எடுக்காதீங்க. இங்கயும் ஒரு வேலை, அங்கயும் ஒரு வேலை. நூத்தி நாப்பது பேருக்கு நூத்தி நாப்பத்தோரு வேலை.”

இயக்குநரின் கை சால்வைமேல் நின்றது. “அப்ப எவ்வளவு வருது?”

“நூறு புள்ளி எழுபத்தொண்ணு.”

“நூறைத் தாண்டுமா?”

“இதுவரைக்கும் எந்தக் காலேஜும் தாண்டினதில்லை சார்.”

இயக்குநர் மெல்லக் கைகளைக் கட்டிக்கொண்டார். பலகையில் இருக்கும் அதே பார்வை, நேரில் பார்க்கக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

“ஏழு பேரும் போனா?” என்று கேட்டார்.

“நூத்தி அஞ்சு சார். முழுசா.”

“ஒரு மாணவருக்கு ஒரு வேலைன்னு எவன்யா விதி போட்டது?” என்று உறுமினார் இயக்குநர். விதியைப் போட்ட எவனும் பதில் சொல்லவில்லை. “திறமையைக் கட்டிப் போடறதா? அவமானம்!” வாசலில் இருந்த உதவியாளரைப் பார்த்துக் கத்தினார். “ஏம்மா, உள்ள வா! ஏழு கடிதம் அடி. எனக்குக் கையெழுத்துப் போட நேரமில்லை, இப்பவே கொண்டு வா.”

உதவியாளர் தட்டச்சு செய்துகொண்டே பதினொண்ணின் காதருகே கேட்டாள்: “கணக்கு வாத்தியார் யாராவது குழுவுல இருந்தா?”

“அதை அவரு பாத்துக்குவாரு. நீங்க தேதியைப் பாத்து அடிங்கக்கா.”

அன்று மாலையே வெளியறையில் துண்டறிக்கை மடிப்பது நின்றது. அச்சகத்துக்குப் புது வாசகம் போக வேண்டும் அல்லவா. தொலைபேசியை ஆறு பேரும் முறை வைத்து எடுக்க ஆரம்பித்தார்கள். முதல் ஒரு மணி நேரத்திலேயே ஒரு குளிர்சாதனக் கிடங்கும் ஓர் அச்சு இயந்திர நிறுவனமும் ஆள் கேட்டு அகப்பட்டன. இரண்டுமே போன மாதத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தவை.

வியாழக்கிழமை அம்மா பதினொண்ணின் சட்டைக்கு இஸ்திரி போட்டாள், இடது கையால். “இந்தத் தடவை சிரிச்சுத் தொலைக்காதே,” என்றாள்.

“முயற்சி பண்றேன்மா.”

“சிரிப்பு வந்தா என்னை நினைச்சுக்க.”

“அப்பதான் ஜாஸ்தி வரும்.”

லிப்ட் பராமரிப்பு நிறுவனம் ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடியில் இருந்தது. கட்டடத்தில் லிப்ட் கிடையாது. மூச்சு வாங்க மேலே ஏறியபோது, மேற்பார்வையாளர் காதில் மாட்டிய ஒலிபேசியோடு மூன்று திரைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். நரைத்த குட்டை முடி, மேஜையில் ஆறிப்போன தேநீர்.

“உக்காரு. உன்னைப் பத்திச் சொல்லு.”

பதினொண்ணு முதுகை நிமிர்த்திக்கொண்டாள். முதல் வரி வந்தது. இரண்டாவது வரி வந்தது. “தலைமைப் பண்பும்…” என்று தொடங்கியதும் உதடு துடித்தது. அம்மாவை நினைத்தாள், அவ்வளவுதான், வெடித்துச் சிரித்துவிட்டாள்.

பன்னிரண்டு, என்று மனசுக்குள் ஒரு குரல் எண்ணியது.

“ஸாரி மேடம். இது எல்லாரும் சொல்றது. எனக்குச் சொல்லவே வரமாட்டேங்குது.”

“வராமலே இருக்கட்டும். உள்ள மாட்டிக்கிட்டவன்கிட்ட உன் தலைமைப் பண்பைப் பத்திச் சொன்னா அவன் கதவை உடைச்சிருவான்.” மேற்பார்வையாளர் இன்னொரு ஒலிபேசியை அவளிடம் நீட்டினார். “மாட்டிக்க. அடுத்த போன் கால் உன்னோடது. தப்பாப் போனா நான் புகுந்துடறேன்.”

நான்கு நிமிடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“யாரும்மா? சீக்கிரம் திறங்க!” ஒரு முதியவரின் குரல். “என்னால நிக்க முடியலை.”

“ஐயா, நான் லைன்லயே இருக்கேன். எந்த மாடிக்கு நடுவுல நிக்குது?”

“ஆறோ ஏழோ. எனக்கென்ன தெரியும்?”

“உள்ள வேற யாராவது இருக்காங்களா? விளக்கு எரியுதா?”

“நான் ஒருத்தன்தான். விளக்கு எரியுது. காத்தாடி ஓடலை.”

“கதவை நீங்க தொடாதீங்க. தரையில உக்காந்துக்குங்க. கையில என்ன வச்சிருக்கீங்க?”

“மருந்துப் பை.”

“அதை மடியில வச்சுக்குங்க.” மேற்பார்வையாளர் திரையில் காட்டிய முகவரியைப் பார்த்து மெக்கானிக்குக்குச் செய்தியைத் தட்டிவிட்டாள். “ஆள் கிளம்பியாச்சு, ஐயா. பதினாலு நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் நம்ம ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருப்போம்.”

“என்னத்தைப் பேசறது?”

“யாரைத் திட்டணுமோ திட்டுங்க. நான் கேட்டுக்கிறேன்.”

அவர் முதலில் கட்டடச் செயலாளரைத் திட்டினார். பிறகு மருமகனை. மருமகனைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்ததால் பதினாலு நிமிடம் போனதே தெரியவில்லை. இரும்பு உரசும் சத்தமும் ஓர் ஆணின் குரலும் கேட்டன.

“வந்துட்டான்மா. திறந்துட்டான்.” மூச்சு இறங்கியது. “நீ புதுசா? உன் குரலைக் கேட்டதில்லையே.”

“நான் இன்னும் சேரலைங்கய்யா. நேர்காணலுக்கு வந்திருக்கேன்.”

“நேர்காணலா? பக்கத்துல பெரியவங்க யாராவது இருந்தா அவங்ககிட்ட குடு.”

மேற்பார்வையாளர் இணைப்பைத் தன் பக்கம் வாங்கினார். “ஆமாங்க… ஆமாங்க… இல்லீங்க, அந்த மருமகன் விஷயம் நானும் கேட்டேன்… சரிங்க, பாத்துக்கிறேன்.” ஒலிபேசியைக் கழற்றினார்.

“உனக்குச் சிபாரிசு பண்றாரு. நான் சாதாரணமா சிபாரிசு கேட்டு யாரையும் எடுக்கறதில்லை.” கடிதத்தை வாங்கி, படிக்காமலே கோப்பில் வைத்தார். “காலை ஆறு மணி ஷிப்ட்டா, மத்தியானம் ரெண்டு மணி ஷிப்ட்டா?”

“எதுல மேடம் ஜாஸ்தி பேர் மாட்டுவாங்க?”

“காலையில. எல்லாரும் அவசரமா இறங்குவாங்க.”

“அப்ப ஆறு மணி,” என்றாள் பதினொண்ணு. அடுத்த சிவப்பு விளக்கு எரிந்தது.