துள்ளுமாரி

"காலை நல்லா இழுத்துப் பிடிம்மா" என்று கால்நடை டாக்டர் ஸ்வப்னா சொன்னதும், பாண்டிமீனா செத்த கிடாயின் பின்னங்கால்களை இரண்டு கையாலும் அகட்டிப் பிடித்தாள். கத்தி நெஞ்சிலிருந்து அடிவயிறு வரை இறங்கியது. உடம்பில் இன்னும் சூடு ஆறவில்லை. செக்கச் சிவந்த குடல் ஆவி பறக்கச் சரிந்து அவள் காலடியில் விழுந்தது.

அதே காலையில்தான் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் அவளுடைய அண்ணன் சங்கிலியையும் அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணனைக் கொன்றது அவள் புருஷன் முத்துக்குமரன். கொல்லச் சொன்னது அவள் வாய். அப்படி நேராகச் சொல்லவில்லைதான். முந்தாநாள் சாயங்காலம் ஆடுகள் பட்டிப் படலைத் தள்ளிக்கொண்டு பக்கத்திலிருந்த அண்ணனின் மக்காச்சோளக் காட்டுக்குள் புகுந்துவிட்டன. அறுவடை முடிந்த காடு. உதிர்ந்த கதிரும், மழைக்கு முளைத்த இளம்புல்லும் கிடந்தால் ஆடு விடுமா? வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்தன. விடிந்து பார்த்தால் ஒவ்வொன்றாகத் துள்ளித் துள்ளி விழுந்தன. கழுத்து பின்னால் வளைந்தது, வாயில் நுரை தள்ளியது. ஒன்பது உருப்படி, அத்தனையும் கொழுத்தவை.

இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் டீக்கடையில் பத்துப்பேர் காதுபட சங்கிலி கத்தியிருந்தான்: "இன்னொருக்கா உங்க ஆடு உள்ள வந்துச்சு, மருந்து வச்சிருவேன்." அது ஞாபகம் வந்ததும் பாண்டிமீனா நெஞ்சில் அடித்துக்கொண்டு, "எங்கண்ணே சொன்னதச் செஞ்சுட்டான்" என்று அலறினாள். முத்துக்குமரன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடினான். வாய்க்காலில் குனிந்து செடி பிடுங்கிக்கொண்டிருந்த சங்கிலியின் பின்மண்டையில் முதல் அடி விழுந்தது. மற்ற இரண்டும் விழுந்து கிடந்தவன்மேல். பாண்டிமீனாவும் பின்னாலேயே ஓடினாள். தடுப்பதற்காக ஓடவில்லை. அதைப் போலீசில்கூட அவள் சொல்லவில்லை.

இன்றைக்குக் காலையில் மேலும் இரண்டு செத்தன. போலீசு கேட்டதால் டாக்டரம்மா வந்திருந்தாள்.

"நல்லாப் பாருங்க டாக்டரம்மா. பூச்சிக்குப் போடுற குருணை மருந்து கெடக்கும்" என்றாள் பாண்டிமீனா. கெடக்க வேண்டும் என்று அவள் சாமியையே வேண்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் விஷம் வைத்தவனாக இருந்துவிட்டால் போதும், தான் பிழைத்துக்கொள்ளலாம். இப்படி நினைக்கிறோமே என்று தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இருந்தும் வேண்டினாள்.

டாக்டர் கையுறை விரலால் சிறுநீரகத்தை அழுத்தினாள். அது கூழாகக் கசிந்தது.

"விஷம் இல்லம்மா. இது துள்ளுமாரி நோய். இந்தக் கிருமி எப்பவும் ஆட்டுக் குடல்லயேதான் இருக்கும். ஒண்ணும் பண்ணாது. திடீர்னு தானியத்தையும் இளம்புல்லையும் அளவில்லாமத் தின்னா, பெருகி நஞ்சாக்கிடும். நல்லாத் தின்ன ஆடுதான் முதல்ல போகும். மழைக்கு முன்னாடி ஊசி போட்டிருக்கணும்."

"அப்ப எங்கண்ணே..."

"லேபுக்கு அனுப்புறேன். எனக்குச் சந்தேகம் இல்ல. அந்தக் காட்டுல யாரும் எதையும் வைக்கல."

டாக்டரின் வண்டி கிளம்பியதும், படலோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த காளை கிட்டே வந்தான். முத்துக்குமரனின் அண்ணன்.

"லேபுக் காயிதம் வர்ற வரைக்கும் நீ வாயத் தொறக்காத. மருந்து வச்சான்னு பேச்சு இருந்தாத்தான் எந்தம்பிக்கு ஜாமீன் கெடைக்கும். செத்தவனுக்கு இனிமே என்ன கொறஞ்சு போச்சு?"

"அண்ணனத் தூக்குறதுக்குள்ள நான் போகணும் மச்சான்."

பளாரென்று அறைந்தான். உதடு கிழிந்தது. "போனா திரும்பி இங்க வராத" என்றான். அவள் கையைக்கூடக் கழுவாமல் நடந்தாள்.

சங்கிலியின் வீட்டு வாசலில் மதுரையிலிருந்து வந்த ஆம்புலன்ஸ் நின்றது. வெள்ளைத் துணியில் சுற்றிய உடம்பில் முகம் மட்டும் தெரிந்தது. தலைமாட்டில் மதினி மாயக்காள் உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். அதற்குள்ளேயே ஒருத்தி, "வாயில்லாச் சீவனுக்கு வெசத்த வச்சா விடுமா" என்றாள். பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பேசுகிற பேச்சா இது?

பாண்டிமீனாவைக் கண்டதும் கூட்டம் அவள்மேல் பாய்ந்தது. "கொலகாரி, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்த?" கொண்டையைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். முதுகில் மிதி விழுந்தது. வாய் மண்ணில் உரச விழுந்தாள். தடுக்கக் கை தூக்கவில்லை. ஆட்டு ரத்தம் காய்ந்த அந்தக் கைகளைப் பார்த்து ஒருத்தி வீலென்று கத்தினாள்.

"விடுங்க அவள" என்றாள் மாயக்காள். "என்ன சொல்ல வந்தாள்னு கேப்போம்." பாண்டிமீனா எழுந்து நின்றாள்.

"மதினி, அண்ணே மருந்து வைக்கல. டாக்டரம்மா அறுத்துப் பாத்துட்டாக. ஆட்டுக்குக் கொடல்ல சீக்கு. அண்ணே மருந்து வச்சுட்டான்னு நாந்தான் கத்துனேன். அதக் கேட்டுத்தான் அவரு ஓடுனாரு. நானும் பின்னாலயே போனேன் மதினி. நிப்பாட்டல."

மாயக்காள் அவள் பக்கம் திரும்பினாள்.

"நெசமாவா?"

"அண்ணன் மேல சத்தியமா."

மாயக்காள் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். "மருந்து வீட்டுலதான் இருந்துச்சு" என்றாள், அவனிடமே சொல்வதைப் போல. "கொறஞ்சிருக்கான்னு டப்பாவத் தொறந்து பாக்கப் பயந்துக்கிட்டு நேத்துலேருந்து உக்காந்திருக்கேன். நானும் ஒன்னத்தான் நெனச்சேன்."

பிறகு எழுந்தாள். பாண்டிமீனாவின் கன்னத்திலும் தலையிலும் மாறி மாறி அடித்தாள். யாரும் விலக்கவில்லை. வளையல் உடைந்து அடித்தவள் மணிக்கட்டையே கிழித்தது. அடிக்க அடிக்கத்தான் மாயக்காளுக்கு அழுகை வந்தது. வீதி முழுக்கக் கேட்கிற அழுகை. முத்துக்குமரனின் பெண்டாட்டி அசையாமல் நின்று வாங்கிக்கொண்டாள்.

பாடையைத் தூக்க ஆட்கள் வந்தார்கள். மாயக்காள் பின்னால் போக ஒரு அடி எடுத்து வைத்தாள். அடித்த கை பாண்டிமீனாவின் தோளில் விழுந்து, எடுக்கப்படாமல் அங்கேயே கிடந்தது.