வைட்டாக்கரே மழையில் ஒரு தாகம்

பனிப் பாலைவனமான ஜான்ஸ்கர் மலைத்தொடரின் எந்த மடிப்பில் தண்ணீர் கிடைக்கும் என்பது ஆக்லாந்திலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அங்கே நான் போனதில்லை என்பது ஒரு சின்னக் குறை. மாசி என்ற புறநகரில், என் வீட்டு சோபாவில் சாய்ந்தபடி செயற்கைக்கோள் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கற்றுக்கொண்டது அது.

ஆகஸ்டில் நண்பர்கள் சிலர் அங்கே நடைப்பயணம் போவதாக முடிவானது. படங்கள் என்னிடம் இருந்ததால் என்னையே தலைவனாக்கினார்கள். விடுவேனா? மழையே எட்டிப் பார்க்காத பழுப்பு மலை. பனி உருகி வரும் ஓடை காலையில் வெறும் கூழாங்கல், மதியத்துக்கு மேல்தான் ஓடும். வெள்ளையாக உப்புப் படிந்த குட்டையைத் தொடக் கூடாது. மொட்டைச் சரிவில் பச்சைத் திட்டு தெரிந்தால் அங்கே ஊற்று. பார்த்தவர்களுக்கெல்லாம் வகுப்பெடுத்தேன்.

பயிற்சிக்காக ஒரு சனிக்கிழமை ஊரை ஒட்டிய வைட்டாக்கரே மலைக்காட்டுக்குப் போனோம். வர முடிந்தது அடுத்த தெரு கஜந்தினிக்கு மட்டும்தான். அவர் நர்ஸ். கார் நிறுத்துமிடத்தில் இரண்டு தண்ணீர் பாட்டில்களை எடுத்தார்.

"ஆளுக்கு ஒண்ணு போதும். பாலைவனத்துக்கு உடம்பைப் பழக்கணும்" என்றேன்.

"இது பாலைவனம் இல்லையே அண்ணா."

"மனசுல நினைச்சுக்கோங்க."

அவர் சிரித்துவிட்டு இரண்டையும் பையில் போட்டுக்கொண்டார். நான் ஒரு சின்ன பாட்டிலோடு ஏறினேன். பாதி ஏற்றத்திலேயே அது காலி. அவர் தன் பாட்டிலை நீட்டினார். தலைவன் வாங்கிக் குடிக்கலாமா? வேண்டாம் என்றேன். மழை பிடித்துக்கொண்டது. கொஞ்ச தூரத்தில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ள, தலை சுற்றி, சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

கஜந்தினி என் நாடியைப் பிடித்துப் பார்த்தார். "அண்ணா, என்ர முகத்தைப் பாருங்கோ. கடைசியா எப்ப தண்ணி குடிச்சனீங்கள்?"

"மதியத்துக்கு மேலதான் ஓடை வரும்" என்று உளறினேனாம்.

"இந்தாங்கோ. ஒரேயடியா வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக் குடியுங்கோ."

அந்த வழியாக வந்த வெள்ளைக்காரத் தம்பதி என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று கஜந்தினி ஆங்கிலத்தில் சொன்னார். இருவரும் கொட்டுகிற மழையை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு, காது மடலில் நீர் சொட்ட உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்கள். மரியாதையானவர்கள், சிரிக்கவில்லை. வளைவு திரும்பிய பிறகுதான் சத்தம் கேட்டது.

திரும்பும்போது காரை கஜந்தினிதான் ஓட்டினார்.

"ஆகஸ்டில ஊற்று எங்கை இருக்கெண்டு நீங்கள் சொல்லுங்கோ. எப்ப குடிக்கிறதெண்டு நான் சொல்லுறன். சரியோ?"

"ஆமா" என்றேன். பதவி போனதில் வருத்தம் இருக்கும் என்று நினைத்தேன். வீட்டருகே உள்ள வெஸ்ட்கேட் வருவதற்குள் தூங்கிவிட்டேன்.