பழுக்காமல் பறித்த பம்ப்

சகலையின் காரில் புது கார்புரேட்டர் முளைத்தது மழைக்காலத் தொடக்கத்தில். முதலில் எஞ்சின் ஓரத்தில் மிளகளவு கறுப்பாக ஒன்று அரும்பியது. பிறகு எலுமிச்சையளவு ஆகி, திருகும் துளையும் தெளிந்துவர, ஒருநாள் காலையில் பழைய கார்புரேட்டர் பால்பல் போலக் கழன்று விழுந்தது. அந்த மாடலைச் செய்த கம்பெனி மூடி இரண்டு தலைமுறை ஆகிவிட்டதால், தெருக்காரர்கள் இதை வசதியான ஏற்பாடாகவே எடுத்துக்கொண்டார்கள். அடுத்த பருவத்தில் டைனமோ முளைத்தபோது எட்டிப் பார்க்கக்கூட யாரும் வரவில்லை.

தலைவருக்குத்தான் வயிறு எரிந்தது. பழங்கார் சங்கத்தைத் தொடங்கியவர், அதற்குக் கொடி வரைந்தவர், ஆயுள் முழுக்கத் தலைவராக இருப்பதென்று தானே முன்மொழிந்து தானே வழிமொழிந்தவர். அவரும் சகலையும் அக்கா தங்கையைக் கட்டியது போலவே, ஒரே ஷெட்டிலிருந்து ஒரே மாடல் கார் இரண்டை வாங்கியிருந்தார்கள். தலைவர் ஒவ்வொரு பாகத்தையும் கடல் கடந்து தேடினார். கிடைக்காததை லேத்தில் கடைய வைத்தார். வால்வுகளைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். சகலையோ ஞாயிற்றுக்கிழமைகளில் பானெட்டைத் திறந்துவைத்து, பக்கத்தில் ஸ்டூல் போட்டுத் தூங்குவார். பராமரிப்பு அவ்வளவுதான். தலைவர் அதையும் செய்து பார்த்தார். ரகசியமாக எஞ்சினுக்கு எருகூட வைத்தார். கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

முளைத்த பாகம் அசல் ஆகாது, அப்படிப்பட்ட கார் ஊர்வலத்தில் கலந்துகொள்ளக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டுவிட்டு வந்தவருக்குச் சோறு போட்டபடியே மனைவி சொன்னாள்: "முளைச்சதுதாங்க அசலு. உங்களுது கட்டுப்பல்லு."

"தங்கச்சி வீட்டுக்காரருக்குன்னா உனக்கு வாய் எங்கிருந்துதான் வருதோ" என்றார். அன்று மோர் ஊற்றிக்கொள்ளாமலே எழுந்துவிட்டார்.

ஆண்டு ஊர்வலம் நெருங்கும் வேளையில் தலைவர் காரின் தண்ணீர் பம்ப் பிளந்துபோனது. தலைவரின் கார்தான் முன்னால் போக வேண்டும், மற்றவை முந்தாமல் அதன் பின்னாலேயே வர வேண்டும் என்பது சங்க விதி, எழுதியவர் அவரே. முன்னால் போகாவிட்டால் அப்புறம் என்ன தலைவர்? அந்தச் சமயம் பார்த்துச் சகலையின் காரில் ஒரு பம்ப் காய்த்திருந்தது. மைத்துனி கையால் வயிறாரச் சாப்பிட்டு எல்லோரும் கண்ணயர்ந்த மதியத்தில், தலைவர் ஷெட்டுக்குள் போய் அதைத் திருகிப் பறித்தார். காம்பில் எண்ணெய் கசிந்தது. பச்சை வாடை அடித்ததை அவர் பொருட்படுத்தவில்லை.

ஊர்வலத்தன்று கார் ஒரே இழுப்பில் கிளம்பியது. பின்னிருக்கையில் சிறப்பு விருந்தினர், முன்னால் கொடி. பூங்கா முனையில் நேராகப் போக வேண்டிய கார் திரும்பிக்கொண்டது. தலைவர் ஸ்டீயரிங்கை ஒடித்தார், பிரேக்கில் ஏறியே நின்றார்; அது கேட்கவில்லை. விதிப்படி மற்ற கார்களும் முந்தாமல் பின்னாலேயே திரும்பின. தலைவரின் கார் சந்து சந்தாக நுழைந்து, சகலை வீட்டு ஷெட்டில் இருந்த காரோடு மூக்கோடு மூக்கு உரசி நின்றது.

சகலை பனியனோடு வெளியே வந்தார். "வாங்கண்ணே. பம்ப் பழுத்துடுச்சா?"

"எந்த பம்ப்?"

"உங்க பம்ப் போச்சுன்னு அக்கா சொன்னாங்க, மறுநாளே அரும்பிடுச்சு. பழுத்ததும் நானே கொண்டாந்து மாட்டிவிடலாம்னு இருந்தேன். காயா பறிச்சா பொறந்த வீட்டைத் தேடும், அதான் ஒரு தொந்தரவு."

அப்போதுதான் தலைவருக்கு உண்மையிலேயே பொறுக்க முடியாமல் போனது. திருடியதைக்கூடத் தன் சாமர்த்தியம் என்று வைத்துக்கொள்ள விடமாட்டேன் என்கிறானே.

பம்பைக் கழற்ற முடியவில்லை. எஞ்சினுக்குள் வேர் விட்டிருந்தது. இப்போது ஊர்வலம் சகலை வீட்டில்தான் முடிகிறது, அழைப்பிதழிலும் அப்படியே அச்சாகிறது. பல் வைத்தியரிடம் கிளம்பினாலும் தலைவர் முதலில் அங்கே போய்விட்டுத்தான் போகிறார். பூங்கா முனை நெருங்கும்போது, கார் திரும்புவதற்குச் சற்று முன்பாகவே, கையை வெளியே நீட்டித் திரும்பப் போவதாகச் சைகை காட்டிவிடுகிறார்.