பண்டியைச் சுட்டவர்

வேட்டைக்குப் போகிறவர்களுக்குக் காட்டில் என்னத்துக்குத் தேத்தண்ணி என்று கேதீஸ்வரிக்கு விளங்கவேயில்லை. ஆனால் ஊரின் பெரிய வயல்காரரான போடியாரின் மகன் புவனேந்திரன் சொன்னால் மறுபேச்சில்லை. லண்டனில் அவர் குதிரையேறி வேட்டைக்குப் போகும் இடத்தில் வேலைக்காரர் பீங்கான் கோப்பைகளோடு பின்னால் வருவார்களாம். அதனால், சண்டை முடிந்து வந்த முதல் தை மாதத்தில் ஒரு காலை, ஃப்ளாஸ்க்கும் கேக்கும் கோப்பைகளும் வைத்த கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு, வவுணதீவுக்கு மேற்கே வயல்வட்டை வரம்பில் அவளும் நடந்தாள்.

முன்னால் புவனேந்திரன். முழங்கால்வரை தோல் சப்பாத்து, தோளில் தகப்பனின் ரெட்டைக்குழல் துவக்கு. பக்கத்தில் விருந்தாளியாக வந்த ஆமி மேஜர். அவர்களுக்குப் பின்னால் தடம் பார்க்கிற அழகரத்தினம், கையில் ஒரு கத்தி மட்டும். அறுபது வயதைத் தாண்டிய மனிசன். கதிர் முற்றும் காலத்தில் காட்டுப்பண்டி எந்தப் புதர்ப்பத்தையில் படுத்திருக்கும் என்று மண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

"டேய் அழகரத்தினம், முன்னுக்கு வராத. உன்ட மணத்துக்கே பண்டி ஓடிரும்," என்றார் புவனேந்திரன். பிறகு மேஜரிடம், "வேட்டை எண்டது ரெத்தத்தில வரவேணும் மேஜர். இவனுகள் பொறி வைப்பானுகள், பிடிப்பானுகள், தின்பானுகள். அது வேட்டையில்ல, பசி."

மேஜர் சிரிக்கவில்லை. அவருக்குத் தமிழ் தெரியும், குறைவாகத்தான் பேசுவார். பேசாத நேரமெல்லாம் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேதீஸ்வரிக்கு அந்தப் பார்வைதான் பயம்.

அவள் வாகரைப் பக்கத்துப் பிள்ளை. பதினேழு வயதில் இயக்கம் கொண்டுபோயிற்று. நாலு வருசம் துவக்கோடு திரிந்தாள். கிழக்கில் இயக்கம் இரண்டாக உடைந்த சித்திரையில், வீட்டுக்குப் போங்கள் என்று விட்டுவிட்டார்கள். இயக்கத்தில் வெட்டிய கட்டை முடியோடு ஊருக்கு வந்து எட்டு மாதத்தில் கடல் வந்தது. தாய், தகப்பன், தம்பி, அவளை அறிந்த ஒழுங்கை முழுவதும் ஒரே காலையில் போயிற்று. அகதி முகாமில் பெயர் பதிந்தவரிடம், "புருசன் கடலோட போயிற்றார், ஐடென்டிட்டி கார்டும் போயிற்று," என்றாள். இல்லாத புருசன். அந்தப் பொய்யோடுதான் போடியார் வீட்டுக் குசினிக்குச் சமையல் வேலைக்கு வந்தாள். இப்போது, சண்டை முடிந்த பிறகு, பழையதை மறைத்தவர்களைத் தேடித்தேடிக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். போன சிலர் இன்னும் திரும்பவில்லை.

குளக்கட்டுக்குக் கீழே ஒரு பத்தையைக் காட்டி அழகரத்தினம் கையை உயர்த்தினார். மேஜர் மறுபக்கத்தால் சுற்றிப் போனார். பத்தை அசைந்தது. புவனேந்திரன் துவக்கைத் தூக்கினார்.

"பொறுங்க ஐயா, வெளிய வரட்டும். இப்ப வெடி வைச்சா வயித்திலதான் படும்."

"எனக்குப் படிப்பிக்கிறியாடா?"

வெடி கேட்டது. பண்டி குளறிக்கொண்டு நேரே அவர்களை நோக்கிப் பாய்ந்தது. கூட்டத்தை விட்டுத் திரிகிற கொழுத்த தனியன். புவனேந்திரன் துவக்கை அப்படியே போட்டுவிட்டு வயலுக்குள் ஓடினார், விழுந்தார், எழும்பித் திரும்பவும் ஓடினார். பின்னால் நகர்ந்த அழகரத்தினம் வரம்பு வழுக்கி மல்லாக்க விழுந்தார். பண்டி அவர் பக்கம் திரும்பியது.

கேதீஸ்வரி யோசிக்கவில்லை. கூடை விழுந்து கோப்பைகள் உடைந்தது அவளுக்குக் கேட்கவுமில்லை. துவக்கு கையில் இருந்தது. ஒரு முழங்கால் மண்ணில். மூச்சைப் பிடித்தாள். இரண்டாவது குழல் வெடித்தது. பண்டி அழகரத்தினத்தின் காலடியில் மூஞ்சி குத்தி விழுந்து, இரண்டு தரம் உதைத்து, அடங்கியது.

அழகரத்தினம் பண்டியைப் பார்க்கவில்லை. அவளுடைய முழங்காலைப் பார்த்தார். அவள் துவக்கைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தார்.

"எழும்பு புள்ள," என்றார் மெதுவாக. "மேஜர் வாறார்."

எழும்பத்தான் நேரமிருந்தது. துவக்கைக் கீழே வைக்க நேரமிருக்கவில்லை.

"யார் சுட்டது?" என்றார் மேஜர்.

இடுப்புவரை சேற்றோடு புவனேந்திரன் திரும்பி வந்துகொண்டிருந்தார். பண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மேஜரைப் பார்த்தார். 'இவள்தான்' என்று ஒரு சொல் வந்தால் போதும், பின்னேரத்துக்குள் ஆமி முகாமில் இருக்கவேண்டியதுதான் என்று கேதீஸ்வரிக்குத் தெரிந்தது.

புவனேந்திரன் நெஞ்சை நிமிர்த்தினார். "வேற ஆர்? நான்தான். ரெண்டு வெடி. மறுகா துவக்கை இவளிட்டக் குடுத்திட்டுக் கையைக் கழுவப் போனன்."

மேஜர் குனிந்து பண்டியைப் புரட்டினார். "முதல் வெடி வயிறு. ரெண்டாவது காதுக்குக் கீழ. ஓடிவாற பண்டிக்கு." நிமிர்ந்தார். "ஒரே ஆள் சுட்ட மாதிரி இல்லையே."

"என்ன மேஜர், பின்ன இந்தக் குசினிக்காரியா சுட்டவள்? இவளுக்கு ஒழுங்கா அகப்பை பிடிக்கவே தெரியாது."

மேஜர் அழகரத்தினத்திடம் திரும்பினார். "நீங்க பார்த்ததா?"

"ஓம் ஐயா. சின்னப் போடியார்தான் சுட்டவர்."

மேஜர் அவள் கையிலிருந்து துவக்கை வாங்கினார். திறந்து வெற்றுத் தோட்டாக்களைத் தட்டிவிட்டு மூடினார். நாலு எட்டு நடந்தவர் சட்டென்று திரும்பி, "தங்கச்சி, பிடிங்க!" என்று அவளை நோக்கி எறிந்தார்.

ஆறு வருசமாகியும் கை மறக்கவில்லை. விரல்கள் தாமாக விரிந்தன. விரிந்த விரல்களை முகத்தில் பொத்திக்கொண்டு, "ஐயோ அம்மா!" என்று கத்தினாள். துவக்கு தோளில் இடித்துச் சேற்றில் விழுந்தது.

"விசரி! அப்பாட துவக்கு!" புவனேந்திரனின் கை அவள் கன்னத்தில் விழுந்தது.

அவள் அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை.

மேஜர் குனிந்து துவக்கைச் சேற்றிலிருந்து எடுத்தார். "எறிஞ்சது நான். அவங்களுக்கு அடிக்க வேணாம்," என்றார். பிறகு றோட்டில் விட்டிருந்த ஜீப்புக்கு நடந்தார்.

அன்று மத்தியானம் வீட்டு விறாந்தையில் பண்டி வளர்ந்துகொண்டே போனது. வந்தவர்களுக்கெல்லாம் புவனேந்திரன் எழும்பி நின்று சுட்ட விதத்தை நடித்துக் காட்டினார். இடையில் குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"வெளிய போய்க் கதைச்சிராத. கதைச்சாலும் ஆரும் நம்பமாட்டாங்க."

"நீங்கதான் சுட்டது ஐயா. நான் கண்ணால கண்டன்."

அவருக்குத் திருப்தி. எங்கே பழகினாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. குசினிக்காரிக்கு ஒரு தற்செயல். தனக்கு ஒரு மானக்கேடு. அதற்கப்பால் அவர் புத்தி போகவில்லை.

மேஜரின் புத்தி போகும் என்று அவள் பயந்தாள். தூரத்து மாமிக்குச் சுகமில்லை என்று சொல்லி அடுத்த நாள் விடிய முதல் பஸ் ஏறினாள். செங்கலடியில் ஒரு நெல்லுக்குத்தும் மில்லில் வேலை கிடைத்தது. முதல் சில மாதம் ஜீப் சத்தம் கேட்டால் மூட்டைகளுக்குப் பின்னால் போய் நிற்பாள். எந்த ஜீப்பும் அவளுக்காக நிற்கவில்லை.

இரண்டு போகம் கழித்து அழகரத்தினம் நெல்லோடு மில்லுக்கு வந்தார். அவளைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது.

"அந்த மேஜர் வேற முகாமுக்கு மாறிப் போயிற்றார் புள்ள. மறுகா ஒண்டும் கேக்கயில்ல."

"அவருக்கு விளங்கினதா?"

"விளங்கினதுதான். ஆனா நீ அடி வாங்கினதைப் பார்த்த பிறகு அந்த மனிசன் என்ட முகத்தையும் பார்க்கயில்ல, சின்னப் போடியார்ட முகத்தையும் பார்க்கயில்ல."

மில் இரைந்துகொண்டிருந்தது. அவள் கிட்ட வந்து கேட்டாள். "நம்மட ஐயா இப்பயும் அந்தக் கதை சொல்றாரா?"

"லண்டனால வாறபோதெல்லாம் சொல்றார். இப்ப ரெண்டு பண்டி."

கேதீஸ்வரி சுவரில் சாய்ந்து சிரித்தாள். உமி பறக்கிற அந்த இடத்தில் இருமல் வரும்வரை சிரித்தாள்.

"சொல்லட்டும் அண்ணே," என்றாள். "சாகுமட்டும் சொல்லட்டும்."