கலியபெருமாளின் நெற்றித் தழும்பு

செஞ்சிக் கடைவீதியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அன்புக்கரசி, போட்டோவிலிருந்து ஒரு மச்சத்தையோ பருவையோ தழும்பையோ அழித்தால், மறுநாள் காலையில் அது அந்த ஆளின் முகத்தில் இருக்காது. அவள் கடையின் மேற்குச் சுவரில் இருக்கும். வெளிச்சத்தைக் கூட்டினால் ஒன்றும் ஆகாது, சாய்ந்த தலையை நிமிர்த்தினாலும் ஆகாது, ஓரங்களை வெட்டினாலும் ஆகாது. பக்கத்துத் தோலை எடுத்துப் புள்ளியின் மேல் பூசி மறைப்பார்களே, கம்ப்யூட்டரில் அந்த ஒரு வேலைக்குத்தான் இந்தக் குணம். ஊர் இதற்குச் சீக்கிரமே பழகிவிட்டது. கல்யாணம் நிச்சயமான பெண்கள் பருவோடு வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். வாசலில் நின்றாலே ராஜகிரி மலைக்கோட்டை தெரியும், ஆனாலும் படத்துக்குப் பின்னால் கோட்டை வேண்டும் என்பார்கள். அதையும் ஒட்டிக் கொடுப்பாள். பள்ளிக்கூடச் சான்றிதழில் அங்க அடையாளமாக எழுதிய மச்சத்தைக் காணோம் என்று சிலர் வந்ததுண்டு. சுவரில் அது பத்திரமாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தாலும் ஒரு வாரத்தில் எல்லாம் மேலே வந்துவிடும். திருப்பிக் கொடு என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

முதலில் கேட்டவர் சிங்கவரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடும் கலியபெருமாள். பேத்தியின் காதுகுத்து பேனருக்காகப் படம் எடுத்துக்கொள்ள வந்தார். பேனரில் தாத்தா முகம் முறம் அளவுக்கு வரும். அவ்வளவு பெரிதாக வந்தால் இடது புருவத்துக்கு மேலிருக்கும் தழும்பு கண்ணை உறுத்துமே என்று, அவர் சொல்லாமலேயே அன்புக்கரசி அதை அழித்தாள். நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றது? ஆனால் அசலைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு நகலில் கை வைப்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். அன்று கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. அவசரத்தில் அசலின் மேலேயே சேமித்துவிட்டாள்.

அந்தத் தழும்பு அவர் மனைவி ராஜம்மாள் போட்டது. கல்யாணமான வருஷம், ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று வீம்பு பிடித்தவர் மேல் பித்தளைச் சொம்பை வீசினாள். நாற்பது ஆடி ஓடிவிட்டது. சர்க்கரையில் அவளுக்குக் கண் போயிற்று, காதும் மந்தமாயிற்று. அதிலிருந்து அவர் சோற்றுத் தட்டோடு வந்து உட்கார்ந்தால் முதலில் புருவத்துக்கு மேலே விரலை வைத்துப் பார்ப்பாள்; தழும்பு தட்டுப்பட்ட பிறகே வாயைத் திறப்பாள். பேனர் கட்டிய அன்று காலையில் விரல் வழுக்கிக்கொண்டு போனது. “யாருப்பா நீ? எங்க வூட்டுக்காரரு எங்க?” என்று தட்டைத் தள்ளிவிட்டாள். மகள் ஜெயஸ்ரீ ஊட்டியதால் அன்று சாப்பிட்டாள். மகளை வளையலைத் தொட்டே கண்டுகொள்வாள். ஆனால் ஜெயஸ்ரீ விசேஷம் முடிந்ததும் வல்லத்தில் புருஷன் வீட்டுக்குத் திரும்ப வேண்டியவள். அதன்பிறகு யார் கையால் சாப்பிடுவாள்?

கலியபெருமாள் கடைக்கு வந்து சத்தம் போடவில்லை. “இன்னாம்மா பண்ணி வச்சிருக்க? இத்தினி வருஷம் கூட இருந்தவ, என்னையே யாருன்னு கேக்கறா” என்றார். அன்புக்கரசிக்குத் தன் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போல இருந்தது. அசல் இல்லாததால், தோலை எடுத்துப் பூசும் அதே வேலையால் படத்தில் ஒரு தழும்பை வரைந்து பார்த்தாள். மறுநாள் அவர் நெற்றியில் அது வந்தது உண்மைதான், ஆனால் ராஜம்மாள் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்ததும் கண்மை மாதிரி கலைந்துவிட்டது. பிறகு இருவரும் சுவரில் தேடினார்கள். ஊரிலுள்ள தழும்பெல்லாம் அங்கே இருந்தன. தன்னுடையது எது என்று அவருக்கே தெரியவில்லை. கண்ணாடி பார்த்துப் பழக்கமில்லாத மனுஷர். தெரிந்தவள் ஒருத்திதான் என்று அன்புக்கரசிக்குப் பட்டது.

ஜெயஸ்ரீ வல்லத்துக்குக் கிளம்ப வேண்டிய அன்று அம்மாவை பஸ்ஸில் கடைக்குக் கூட்டி வந்தாள். ராஜம்மாள் சுவரில் விரலை வைத்து மெதுவாக நடந்தாள். பாதி ஊரின் பருக்களையும் மச்சங்களையும் தாண்டிப் போனாள். சிலதைத் தொட்டு உதட்டைப் பிதுக்கினாள். ஜன்னல் ஓரத்தில் விரல் நின்றது. “இங்க இன்னாய்யா பண்ற? வூட்டுக்கு வராம?” என்று சுவரைக் கேட்டாள். பிறகு, “சில்லுனு இருக்கியே” என்று அழுதாள். கலியபெருமாள் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். அன்புக்கரசிதான் மரியாதை பார்க்காமல் அவர் தோளைப் பிடித்துக் குனியவைத்து, அந்த விரலுக்கும் சுவருக்கும் நடுவில் அவர் நெற்றியை நுழைத்தாள். விரல் சுவரிலிருந்து நெற்றிக்கு ஏறியது. தழும்பும் கூடவே ஏறியது. பக்கத்திலிருந்த யாருடையதோ ஒரு மச்சமும் அதோடு வந்து ஒட்டிக்கொண்டது.

ராஜம்மாள் அதையும் தடவிப் பார்த்தாள். “இது இன்னா புதுசா? நான் போட்டது இல்லியே” என்றாள். “சரி, இருந்துட்டுப் போவுது. பசிக்குது” என்று வாயைத் திறந்தாள். அன்புக்கரசி ஓடிப்போய்த் தன் டிபன் பாக்ஸைக் கொண்டுவந்தாள். கலியபெருமாள் புளிச்சோற்றை உருட்டி உருட்டி ஊட்ட, ராஜம்மாள் அவர் நெற்றியிலிருந்து கையை எடுக்காமலேயே முழுவதையும் சாப்பிட்டு முடித்தாள்.